பறி கவிழ்ப்பதற்கு முன்

எங்கள் ஊரில், இறால் பிடிக்க ஏரிக்குள் நிற்கிற ஒருத்தியிடம் எறா கிடைத்ததா என்று கேட்டால் அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவாள். கிடைத்திருந்தாலும் அப்படித்தான், கிடைக்காவிட்டாலும் அப்படித்தான். வாய் திறந்து பதில் சொல்லவும் முடியாது. பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருப்பாள். இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும். கையில் தட்டுப்பட்ட எறாவைச் சேறோடு அள்ளி, அலசி, தாடைக்குக் கீழே தொங்கும் பறிக்குள் போட்டுவிட்டு அடுத்த அடி எடுத்து வைப்பாள். கரைக்கு வந்து, படுதாவை விரித்து, பறியைக் கவிழ்த்த பிறகுதான் பேச்சு. அதற்கு மேல் பேச்சென்றால் பேச்சு, பக்கத்து ஊருக்கே கேட்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கண் பட்டுவிடும் என்பார்கள் சிலர். கிடைத்தது என்று சொன்னால் வரிசை மொத்தமும் அந்த இடத்துக்கு வந்து மிதித்துவிடும் என்பார்கள் சிலர். எறாவுக்குக் காது கேட்கும், "கீது" என்று சொன்னதும் ஓடிவிடும் என்பது என் அம்மாவின் கட்சி. இதில் அவள் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. பறியின் கனம் கழுத்தை இழுக்கிற நாளில்கூட, கேட்டவளிடம் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

நானும் அந்த வரிசையில் இறங்கியவள்தான். அந்தத் தலையாட்டல் என் எலும்பில் ஊறியிருக்கிறது. அது எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல், தண்ணீரே இல்லாத ஒரு மலையில் வைத்துத்தான் தெரிந்தது. ஒரு செம்பு மலையை நான் கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிவிட்டேன்.

முதலில் நான் எப்படிக் கல் படிக்கப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஊரில் இன்னும் எல்லாரும் கேட்பதால். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊர் தோணிரேவைச் சுற்றிக் கல் கிடையாது. சேறு உண்டு, மணல் உண்டு, காலைக் கிழிக்கிற கிளிஞ்சல் உண்டு. வலையில் கட்டுகிற குண்டுகூட ஈயம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற கற்கள் எல்லாம் எங்கிருந்தோ ஏற்றிவந்தவை. ரோடு போட வந்த லாரி ஜல்லியைக் கொட்டியபோது அதில் ஒன்று மினுங்கியது. எடுத்து வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் ஞானோதயம். பொன்னேரியில் பள்ளிக்கூடம், சென்னையில் கல்லூரி. கல்லைப் படிப்பதற்கு ஒரு காலேஜா என்று கோட்டைக்குப்பத்து உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில் என்னை ஓட்டியது இன்னும் ஓயவில்லை. என் நைனா மட்டும் ஒரு தடவை, இந்தக் கல்லுக்கு என்ன வயசு என்று கேட்டார். சொன்னேன். அவர் கல்லைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார். அதை நம்பவில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

படித்து முடித்து, பல இடங்களில் பல பேருக்குக் கீழே வேலை பார்த்து, கடைசியில் இந்த மலைக்கு வந்தேன். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கடை போர்டுகளில் எழுத்து மாறும், எனக்குப் பேச்சு மாறாது. எங்கள் வீட்டில் பாதி தெலுங்குதான். அங்கிருந்து மேற்கே ஒரு நாள் பயணம். ஊர் என்று சொல்லக் கடைசியாக ஒரு டீக்கடை. அதற்கப்புறம் ஜீப் போகிற தடம், அதற்கப்புறம் ஆடு போகிற தடம், அதற்கப்புறம் எங்கள் கூடாரங்கள். போனில் சிக்னல் வேண்டுமானால் மலை முகட்டுக்கு ஏற வேண்டும்.

மலையைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் சொல்லத் தோன்றாது. முள், காய்ந்த புல், தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிற ஒரு முதுகு. ஆனால் அதன் கிழக்குச் சரிவில் பாறை முகத்தில் பச்சை வழிந்து காய்ந்திருந்தது. செம்புக் குடத்தைத் துலக்காமல் விட்டால் பிடிக்குமே, அதே களிம்பு. பாறைக்குள் இருக்கிற செம்பை மழைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவந்து, இடுக்குகளில் வழியவிட்டு, காற்று பட்டுக் காய்ந்தால் இந்த நிறம் வரும். எங்கள் தொழிலில் அதைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கு முன்னால் வந்த குழுவுக்கும் அடித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் பச்சைக்கு நேர் கீழே, கிழக்கு அடிவாரத்தில், மிஷினை நிறுத்தி மூன்று துளை போட்டார்கள். மூன்றிலும் வெறும் கல். அவர்கள் போன பிறகு அந்த மலைமேல் யாருக்கும் ஆசை இல்லை. வேண்டாத மலை என்பதால்தான் என்னிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

நான் நடந்தேன். இரண்டு கோடையும் ஒரு மழைக்காலமும் அந்த மலைமேல் நடந்தேன். அங்கே கல் தகடு தகடாக இருக்கும், கையில் எடுத்துத் தடவினால் மைக்கா ஒட்டிக்கொண்டு விரல் மினுங்கும். அது கல்லாவதற்கு முன்னால் சேறு. ஏதோ ஒரு பழைய கடலின் அடியில் படிந்த சேறு, புதைந்து, வெந்து, நசுங்கி, தகடாகி, பிறகு பூமி மடித்த மடிப்பில் நிமிர்ந்து நிற்கிறது. சேற்றில் பிறந்து வளர்ந்தவளைச் சேற்றிடமே அனுப்பியிருக்கிறார்கள் என்று அது தெரிந்த நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே அந்த மலை எனக்குச் சொந்தமாகிவிட்டது.

அந்தத் தகடுகள் நேராக நிற்கவில்லை, மேற்குப் பக்கம் சாய்ந்திருந்தன. அடுக்கி வைத்த தட்டுகள் ஒரு பக்கம் சரிந்த மாதிரி. முகட்டில் ஓர் இடத்தில் மட்டும் கல் துருப்பிடித்து, பழுப்பாகி, பொத்தல் பொத்தலாக இருந்தது. பக்கத்தில் மண் மூடிய பள்ளங்கள் சில. ஆடு மாட்டுக்குத் தண்ணீர் தேங்க வெட்டியவை என்று முன்னால் வந்தவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். முகட்டில் யார் தண்ணீர் தேக்குவார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. பள்ளத்தைக் கிளறினால் கண்ணாடி போலக் கறுத்த கசடு வந்தது. எப்போதோ யாரோ அங்கே கல்லைத் தோண்டி, உருக்கி, செம்பு எடுத்திருக்கிறார்கள். பச்சை வழிந்த சரிவைத் தொடாமல், அதற்கு மேலே தோண்டியிருக்கிறார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, முகட்டில் நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துருக் கல்லின்மேல் விழுந்த மழை கலங்கலாகிக் கிழக்குச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏரியில் நாங்கள் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத்தான் நடப்போம். காலும் கையும் கிளறுகிற சேறு அப்போது பின்பக்கம் போய்விடும், முன்னால் தண்ணீர் தெளிவாக இருக்கும், எறா கலையாமல் இருக்கும். கலங்கல் போகிற பக்கம் போய்த் தடவுகிறவளை எங்கள் ஊரில் பைத்தியம் என்பார்கள். இந்த மலையில் மூன்று துளை போட்டவர்கள் செய்தது அதுதான். பச்சை என்பது கலங்கல். செம்பு முகட்டில் தலையைக் காட்டிவிட்டு, தகடுகளோடு சேர்ந்து மேற்குப் பக்கம் சாய்ந்து, மலைக்கு அடியில் இறங்குகிறது. கிழக்கு அடிவாரத்தில் எத்தனை துளை போட்டாலும் அது எதிலும் சிக்காது. மேற்கே போய் மிஷினை நிறுத்தி, கிழக்கு நோக்கிச் சாய்வாகத் துளைத்தால் குறுக்கே வெட்டலாம்.

இதை அறிக்கையாக எழுதும்போது எறாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எங்கள் தலைமை அதிகாரி சேலத்துக்காரர். நிதானமான மனிதர், கல் விஷயத்தில் யார் சொன்னாலும் சீக்கிரம் நம்பாதவர். படித்துவிட்டு, ஒரே ஒரு துளை தருகிறேன் என்றார். அதில் ஒன்றும் இல்லையென்றால் மலையை மூடிவிடலாம் என்றும் சொன்னார். மூடுவது என்றால், இங்கே செம்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுவது. அதற்குப் பிறகு என் ஆயுசுக்குள் அந்த மலையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கையெழுத்து என்னுடையதாக இருக்கும். அதுவரை மற்றவர்கள் காட்டிய இடத்தில் கல் பார்த்தவள் நான். நான் காட்டிய இடத்தில் மிஷின் நிற்பது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு துளையின்மேல் எனக்கு இருந்த ஆசையை வெளியே சொன்னால் வெட்கம்.

மிஷின் வந்தது. அதை ஓட்டுகிற மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர், தெலுங்குதான் பேசுவார், சிரிக்கமாட்டார். துளைக்குள்ளிருந்து கல் உருளை உருளையாக, மணிக்கட்டுப் பருமனில் வரும். அதை வரிசை மாறாமல் நீளப் பெட்டிகளில் அடுக்குவோம். நான் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றி நனைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதுவேன். காய்ந்த கல் எல்லாம் சாம்பலாகத்தான் தெரியும், நனைத்தால்தான் நிறம் வரும். அந்த மலையில் குடிக்கிற தண்ணீருக்கே பாடு. கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிற என்னை மேஸ்திரி ஒரு மாதிரி பார்ப்பார்.

பத்து நாள் சாம்பல் கல். வெடிப்புகளில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். தினமும் நான்கு மணிக்கு முகட்டில் ஏறி அதிகாரிக்குப் போன் செய்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்குவேன்.

பதினோராம் நாள் பிற்பகல் வந்த உருளையில் மஞ்சளாக ஒரு நூல் ஓடியது. அடுத்ததில் இரண்டு நூல். அதற்கடுத்ததில் ஒரு சாண் நீளத்துக்குக் கல்லே மஞ்சள். தண்ணீர் ஊற்றினேன். புளி போட்டுத் தேய்த்த பித்தளை போலப் பளிச்சென்றது. மஞ்சளாக மினுங்கி ஏமாற்றுகிற இரும்புக் கல் ஒன்று உண்டு, அதில் கத்தி இறங்காது. கத்தியால் கீறிப் பார்த்தேன். இறங்கியது. பச்சை கலந்த கறுப்புப் பொடி உதிர்ந்தது. செம்புதான், சந்தேகமே இல்லை.

நான் துள்ளியிருக்க வேண்டும். கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டியிருக்க வேண்டும். எனக்குப் பல் இறுகிவிட்டது. உள்ளே சந்தோஷம் தளும்புகிறது, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன், அந்த அளவுக்கு யோக்கியம் இருந்தது. பிறகு ஈரச் சாக்கை எடுத்துப் பெட்டியை மூடினேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு முகட்டுக்கு ஏறினேன். ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அவர் மறுபடி கேட்டார். "இல்ல சார்," என்றேன். "பெருசா ஒண்ணும் இல்ல."

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, சரிம்மா என்று வைத்துவிட்டார். நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இறங்கினேன். மறைக்கிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. மனசுக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது: துளை முடியட்டும், கல்லை வெட்டி லேபுக்கு அனுப்பலாம், ரிசல்ட் வரட்டும், அன்றைக்குப் பறியைக் கவிழ்த்துக்கொள்ளலாம். அதுவரை என்ன பேச்சு? எங்கள் ஊரில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வார்கள். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மிஷின் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தால், துளைக்குள்ளிருந்து குழாய்களை ஒவ்வொன்றாக உருவித் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அதிகாலையில் வீட்டுக்குப் பேச முகட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே அதிகாரியின் அழைப்பு வந்திருக்கிறது. வேலையை நிறுத்தி, மிஷினைக் கழற்றி, அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். குழாய் மொத்தமும் வெளியே வந்து மிஷின் மலையிறங்கிவிட்டால் அதோடு சரி, இன்னொரு முறை ஏறாது.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். மஞ்சள் கல்லை நீங்களும் பார்த்தீர்கள் நானும் பார்த்தேன், பிறகு ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. யாருக்காக மறைக்கிறீர்கள் என்று அடுத்து கேட்டார். எங்கள் தொழிலில் இருக்கிற தாதுவை இல்லை என்பது திருட்டுக்குச் சமம். வேறு ஒரு கம்பெனிக்காக ஒளித்துவைக்கிறவர்கள் உண்டு. என்னை அப்படி ஒருத்தி என்று நினைத்துவிட்டார். எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. குழாய் உருவுவதை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். ஒரு மணி நேரம் தருகிறேன் என்றார்.

முகட்டுக்கு ஓடினேன். நாற்பத்து மூன்று வயது, முள் கிழித்த காலும் மேல்மூச்சுமாகப் போனை எடுத்து, செம்பு இருக்கிறது சார் என்றேன். 

"நேத்து இல்லன்னீங்க. இன்னைக்கு இருக்குங்கிறீங்க," என்றார். "மிஷினைத் தூக்கச் சொன்னதும் கல்லுல செம்பு முளைச்சிடுச்சா?"

அவர் கேட்டது நியாயம். மலையை மூடப் பொறுக்காமல் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். நல்லதாக ஒரு காரணம் சொல்லலாம் என்று தேடினேன், சிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். ஏரி, சேறு, பல்லில் கவ்விய பறி, தலையாட்டல், எறாவுக்குக் காது கேட்பது எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. படித்த பெண், இத்தனை வருஷ அனுபவம், ஒரு மலையை எறாக் கணக்கில் நடத்தியிருக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அந்தச் சிக்னலில் பேச்சு போவதே பெரிது, படம் போகாது. "அப்ப வாயால சொல்லுங்க," என்றார். "நேத்து வந்த கல்லு பூரா, மேல இருந்து கீழ வரைக்கும். ஒண்ணு விடாம."

நோட்டைப் பிரித்தேன்.  இருக்கிறது என்று வாயால் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. சாம்பல் தகட்டுக் கல், இங்கே ஒரு நூல் மஞ்சள், இங்கே இரண்டு நூல் என்று மெதுவாகப் படித்தேன். இதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். மேஸ்திரி ஏறி வந்துவிட்டார். தோள் துண்டில் எதையோ சுற்றி இடுப்போடு அணைத்திருந்தார். பெட்டியிலிருந்து கல்லை எடுக்கக் கூடாது என்று நானே அவரை நூறு முறை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவர் அந்த மஞ்சள் கல்லையே எடுத்து வந்திருந்தார். துண்டை விரித்து என் முன்னால் வைத்தார்.

நான் அந்த இடத்துக்கு வந்தேன். நோட்டில் ஒரு சாண் என்று எழுதியிருக்கிறது. என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "நாலு விரல் இருக்கும் சார்."

மேஸ்திரிக்குத் தமிழ் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு விரல் புரிந்துவிட்டது. என் கையிலிருந்த போனை நோக்கிக் குனிந்து, "ஜானெடு உந்தி சார், ஜானெடு," என்று கத்தினார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, ஒரு சாண் என்று கல்லின்மேல் வைத்தும் காட்டினார், போனுக்கு. அந்தப் பக்கம் அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அதற்கப்புறம் நான் குறைக்கவில்லை. கத்தியால் கீறியதைச் சொன்னேன், பொடியின் நிறத்தைச் சொன்னேன், மஞ்சள் எந்தக் கோணத்தில் தகடுகளோடு சாய்ந்து ஓடுகிறது என்று சொன்னேன். வெயில் ஏறிவிட்டது. இவ்வளவு நேரம் இருக்கிறது இருக்கிறது என்று நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அவர் நான்கு நாள் கொடுத்தார். குழாய்கள் மறுபடி உள்ளே இறங்கின.

முதல் நாள் சாம்பல்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் நூல் நூலாக வந்தது. மூன்றாம் நாள் மஞ்சள் வந்தது, வந்துகொண்டே இருந்தது, இரண்டு பெட்டி நிறைகிற அளவுக்கு. அங்கங்கே மயில் கழுத்து நிறத்தில் ஊதாவும் நீலமும் கலந்திருந்தது. நான் அதை நனைத்துவிட்டுச் சாக்கைப் போட்டு மூடவில்லை. சமையல்காரர், ஜீப் டிரைவர், தண்ணீர் கொண்டுவருகிறவர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் குடிக்க வைத்திருந்த கேனிலிருந்து அவரே ஒரு மக் தண்ணீர் மொண்டு கல்லின்மேல் ஊற்றினார்.

நான்காம் நாள் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பெட்டிகளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து, லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமல் அரை மணி நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம், "இதுக்குப் பேர்தான் உங்க ஊர்ல பெருசா ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டார். மிஷின் இன்னும் ஆறு துளைக்கு அங்கேயே நிற்கும் என்று போகிற போக்கில் சொன்னார்.

ஒரு துளையில் செம்பு வந்தால் அது சுரங்கம் ஆகிவிடாது. தெற்கே போகப் போக மெலிந்துவிடலாம், ஆழத்தில் அறுந்துபோகலாம். கல்லைப் பாதியாக வெட்டி லேபுக்கு அனுப்பினோம், அது வரப் பல வாரம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நாட்களில் நான் மிதந்துகொண்டிருந்தேன். மலை மூடப்படாது. நான் கைகாட்டிய இடத்தில் இருந்தது, இருக்கிறது.

அன்று மாலை முகட்டில் நின்று வீட்டுக்குப் பேசினேன். போன் என் அக்காவுடையது. அவளும் அம்மாவோடு ஏரியில் இறங்குகிறவள். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். உடம்பு நன்றாக இருக்கிறதா, அந்த ஊரில் மீன் கிடைக்கிறதா என்று வழக்கமான கேள்விகளை அம்மா கேட்டு முடித்தாள். அப்புறம் கேட்டாள்: "கல்லுல இன்னாடி, கெடச்சுதா?"

ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இப்போதும் பல் இறுகப் பார்த்தது. நான் விடவில்லை. "கெடச்சிருக்கும்மா," என்றேன். "நெறைய கீது."

  சரி, வேளைக்குச் சாப்பிடு என்று மட்டும் சொல்லி அம்மா வைத்துவிட்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. பறி கவிழ்ப்பதற்கு முன்னால் கீது என்று சொல்லிவிட்டேன், அதுவும் அவளிடமே. அபசகுனம் என்று நினைத்து மனசு கஷ்டப்படுகிறாள் போலிருக்கிறது என்று இரண்டு நாள் புழுங்கினேன்.

மூன்றாம் நாள் நான் முகட்டில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள். சிரிப்பில் அவளால் பேச முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தை வாங்கினேன். அன்று காலை தோணிரேவுக்கு எதிரே வரிசையாக இறங்கியிருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீர். வரிசையின் கடைசியில் இருந்த ஒருத்தி கழுத்தில் கயிறு போட்டுப் பறியைக் கட்டிக்கொள்கிறவள், வாய் சும்மா இருக்கும். வழக்கம்போல அம்மாவைப் பார்த்துக் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் தலையாட்டலை எதிர்பார்த்திருக்கிறார்கள். அம்மா நின்றிருக்கிறாள். இரண்டு கையையும் சேற்றிலிருந்து எடுத்து, பல்லில் கவ்வியிருந்த பறியை வெளியே எடுத்திருக்கிறாள். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அக்கா பயந்து பக்கத்தில் ஓடியிருக்கிறாள்.

"எம் பொண்ணுக்கு செம்பு கெடச்சிக்கீது," என்று அம்மா ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள். "மலையே செம்பாம்."

சொன்ன வேகத்தில் கை தளர்ந்து பறி தண்ணீரில் சாய்ந்துவிட்டது. அக்கா பாய்ந்து பிடிப்பதற்குள் பாதி எறா போயேபோய்விட்டது. அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லையாம். கரைக்கு வருகிற வரைக்கும் வாயில் பறி இல்லாமல் பேசிக்கொண்டே வந்தாளாம்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன். மலையே செம்பு என்று யார் சொன்னது, லேப் ரிசல்ட் இன்னும் வரவில்லை, ஆறு துளை பாக்கி இருக்கிறது, நாளைக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் ஊரில் யார் முகத்தில் முழிப்பது, ஒரு நாளும் வாய் திறக்காதவளுக்கு இதற்குத்தானா திறக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசினேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"எறான்னா சத்தம் கேட்டு ஓடிடும்," என்றாள். "கல்லு எங்கடி ஓடும்?"

இருபது வருஷமாகக் கல்லையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.